மாருதி 800: பார்க் லைட் ஃபியூஸ் அடிக்கடி போகிறது, ஷார்ட் எங்கே என்று பிடிபடவில்லை

பொள்ளாச்சி800

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2004 மாடல், எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத, இன்ஜெக்‌ஷன் இன்ஜின்). மாமனார் ஓட்டியது, மூன்று வருடம் முன்பு என் கைக்கு வந்தது. வந்ததிலிருந்து நான் சும்மா இருக்கவில்லை. ஹெட்லைட்டுக்கு ரிலே (சுவிட்ச் போட்டதும் பேட்டரிக் கரண்டை நேராக விடும் சின்னப் பெட்டி) வைத்து 100/90 வாட் பல்பு, பின்னால் எல்இடி டெயில் லாம்ப், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, பின் சீட்டுக்கு அடியில் ஒரு ஆம்ப் (ஸ்டீரியோ சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்), சென்ட்ரல் லாக், ரிவர்ஸ் கேமரா, டிக்கி கதவில் ஸ்பாய்லர், அதற்குள் ஒரு பிரேக் லைட். போன தீபாவளிக்குத் தரை முழுக்க லேமினேஷன் மேட்டும் போட்டாச்சு. எல்லாம் ஒரே கடையில் இல்லை, நாலு கடையில் நாலு பேர் செய்த வேலை.

பிரச்சினை இரண்டு மாதமாக. லைட் சுவிட்சை ஒரு கிளிக் திருப்பினால் பார்க் லைட், மீட்டர் லைட், நம்பர் பிளேட் லைட் எல்லாம் ஒழுங்காக எரியும். ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மொத்தமும் அணைந்துவிடும். பார்த்தால் ஃபியூஸ் போயிருக்கும். புதுசு போட்டால் சில நேரம் பத்து நாள் தாங்கும், சில நேரம் பத்து நிமிடம். இதுவரை ஏழு ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கும் அதே அளவுதான் போடுகிறேன்.

இரண்டு எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். ஒருவர் லைட் சுவிட்சை மாற்றினார். இன்னொருவர் பானெட்டைக்கூடத் திறக்காமல் முழு வயரிங் செட்டையும் மாற்றச் சொன்னார்.

நானே மல்டிமீட்டர் வாங்கிப் பார்த்தேன். ஃபியூஸைக் கழற்றிவிட்டு பார்க் லைட் லைனுக்கும் பாடிக்கும் (பேட்டரி மைனஸ் சேர்ந்திருக்கும் தகடு) நடுவில் வைத்தால் "பீப்" என்று கத்துகிறது. 0.6 ஓம் காட்டுகிறது. அப்படியென்றால் நேரடி ஷார்ட் உறுதிதானே? எங்கிருந்து பிரிக்க ஆரம்பிப்பது?

மின்னல்வேகன்

தல, இதுக்கெல்லாம் டென்ஷனா? பச்சை கலர் 30 ஆம்பியர் போட்டு விடுங்க. நான் ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓட்டுறேன். ஒரு பிரச்சினையும் இல்ல.

டெஸ்ட்லாம்ப் அண்ணன்

தம்பி மின்னல், உங்க வண்டியில ஃபியூஸ் போகாததுக்குக் காரணம், இப்போ உங்க ஒயரே ஃபியூஸா நிக்குது. பார்க் லைட்டுக்கு ஓடுற ஒயர் ஈர்க்குச்சி மாதிரி மெல்லிசு. 30 ஆம்பியர் ஃபியூஸ் உருகுறதுக்கு முன்னாடி அது மேல இருக்கிற பிவிசி உருகும். அது கார்ப்பெட்டுக்கு அடியில உருகும். முதல் வேலையா அதைக் கழட்டுங்க.

பொள்ளாச்சித் தம்பி, 26 வருஷமா இதே பொழப்பு எனக்கு. ரெண்டு கேள்வி. ஒண்ணு, போன ஃபியூஸை வெச்சிருக்கீங்களா? கண்ணாடி மாதிரி இருக்கிற உடம்புக்குள்ள கருப்பா தெறிச்சிருக்கா, இல்ல கம்பி மட்டும் சாதுவா நடுவுல அறுந்திருக்கா? ரெண்டு, மல்டிமீட்டர் வெச்சப்போ பல்பையெல்லாம் கழட்டினீங்களா?

பொள்ளாச்சி800

அண்ணா, மூன்று ஃபியூஸ் டாஷ்போர்டு பெட்டியில் கிடந்தது. மூன்றுமே உள்ளே கருகி, வெள்ளியாகத் தெறித்த மாதிரி இருக்கிறது. பல்பு எதையும் கழற்றவில்லை. எதற்கு?

சால்டர்புகை

அண்ணன் கேட்டதன் காரணத்தை நான் சொல்கிறேன். நான் மெக்கானிக் இல்லை, சர்க்யூட் போர்டு பழுது பார்ப்பவன். ஓம் கணக்கு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

5 வாட் பல்பு 12 வோல்ட்டில் எரியும்போது அதன் தடை 29 ஓம் அளவில் இருக்கும். ஆனால் அது இழை வெள்ளையாகக் காய்ந்திருக்கும்போது. குளிர்ந்து கிடக்கும் இழைக்கு அதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான், அதாவது 3 ஓம் பக்கம். முன்னால் பார்க் பல்பு, நம்பர் பிளேட் பல்பு, மீட்டருக்குள் இருக்கும் குட்டி பல்புகள் எல்லாம் பக்கவாட்டில் இணைந்திருக்கின்றன. மூன்று ஓம் தடைகள் ஐந்தாறு பக்கவாட்டில் நின்றால் அரை ஓம் பக்கம்தான் வரும். உங்கள் மீட்டர் காட்டிய 0.6 என்பது பல்புகள்தான். மீட்டர் கத்துவது ஷார்ட்டைக் கண்டு இல்லை, நல்ல பல்பைக் கண்டு. பஸ்ஸருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதேபோல ஃபியூஸ் கருகித் தெறிப்பதும் ஒரு தகவல். 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியே 13, 14 ஆம்பியர் ஓடினால் உடனே போகாது, சில நிமிடம்கூடத் தாங்கும், பிறகு சாதுவாக அறுந்து விழும். 35 ஆம்பியர் ஓடினால் அரை விநாடிக்குள் போய்விடும். உங்களுடையது ஓவர்லோடு இல்லை. எங்கோ செம்பு தகட்டைத் தொடுகிறது, தொட்டுவிட்டு விலகிக்கொள்கிறது.

பொள்ளாச்சி800

எல்லா பல்பையும் கழற்றினேன். எல்இடி டெயில் லாம்ப் பிளக்கையும் பிடுங்கினேன். இப்போது பீப் இல்லை. மீட்டரில் குட்டி பல்புகள் மட்டும் இருப்பதால் ஏதோ சில ஓம் காட்டுகிறது. அப்படியென்றால் ஷார்ட்டே இல்லையா?

டெஸ்ட்லாம்ப் அண்ணன்

இப்போ இல்ல. வரும்போது வரும். வந்து போற ஷார்ட்டுதான் மனுசனைக் கொல்றது. நிக்கிற ஷார்ட்டை அரை மணி நேரத்துல புடிச்சிரலாம்.

முதல்ல ஸ்டீரியோவுக்குப் பின்னாடி பாருங்க. வெளியில வாங்குற செட்டுல பெரும்பாலும் ஆரஞ்சு ஒயர் ஒண்ணு வரும், பார்க் லைட் போட்டா டிஸ்ப்ளே வெளிச்சம் குறையுறதுக்கு. அதைப் பார்க் லைனோட முறுக்கிவிட்டு வெறும் டேப் சுத்தியிருப்பாங்க. நம்ம ஊர் வெயிலுக்கு டேப்போட பசை இளகி, சுத்தினது தானா அவுந்துரும். அது டாஷ்போர்டு கம்பியில பட்டாலும் இதே கதைதான். ஹெட்லைட் ரிலேவை விட்டுருங்க. அதுக்குக் கரண்டு பேட்டரியிலிருந்து தனியா வருது, இந்த ஃபியூஸுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

ஜென் அக்கா

என் மாருதி ஜென் காரில் இதே நோய் வந்தது. டிக்கி கதவுக்குப் போகும் ஒயர், கீல் பக்கம் ரப்பர் குழாய்க்குள் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. உங்களுக்கு ஸ்பாய்லர் லைட் வேறு இருக்கிறது, கடைக்காரர் டிக்கி கதவில் ஓட்டை போட்டு ஒயரை விட்டிருப்பார். ஓட்டை விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு அங்கேதான் என்று நான் எழுதிக் கொடுக்கிறேன்.

பொள்ளாச்சி800

ஆரஞ்சு ஒயர் அண்ணன் சொன்ன மாதிரியே டேப் அவிழ்ந்துதான் இருந்தது! தனியாகப் பிரித்து ஸ்லீவ் போட்டுவிட்டேன். மகிழ்ச்சியாகப் பழனி போய் வந்தோம். திரும்பும்போது உடுமலை தாண்டியதும் எட்டாவது ஃபியூஸ் போய்விட்டது.

டெஸ்ட்லாம்ப் அண்ணன்

சரி. இனிமே பிரிக்காதீங்க, உக்காந்து யோசிங்க. எட்டு ஃபியூஸும் எப்போ போச்சு, எந்த ரோடு, மழையா வெயிலா, வண்டியில யார் யார் இருந்தாங்க? ஞாபகம் இருக்கிற வரைக்கும் எழுதுங்க. நான் பட்டறையில வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி வண்டிக்காரங்களைத்தான் முதல்ல டெஸ்ட் பண்ணுவேன்.

பொள்ளாச்சி800

யோசித்துப் பார்த்தேன். பழனி இரண்டு முறை, ஒரு கல்யாணம், மாமனார் மாமியாரைப் பஸ் ஸ்டாண்டில் விடப் போனது, ஆனைமலை கோயில். மற்றது ஞாபகமில்லை. ஆனால் தினமும் இரவு எட்டு மணிக்கு மில்லில் இருந்து தனியாக 18 கிலோமீட்டர் ஓட்டி வருகிறேன், அதில் ஒரு தடவைகூடப் போனதில்லை. மேடு பள்ளமான ரோடும் அதுதான்.

இதை வீட்டில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து, "எங்கம்மா ஏறினா மட்டும்தான் போகுதுன்னு நான் போன மாசமே சொன்னேன், நீங்க சண்டைக்கு வந்தீங்க" என்றாள். சொன்னது உண்மைதான். நான் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

டெஸ்ட்லாம்ப் அண்ணன்

அந்தத் தங்கச்சியைப் பட்டறைக்கு அனுப்புங்க, வேலை இருக்கு.

பின் சீட்டுல எடை ஏறினா ஷார்ட் ஆகுது. சீட்டுக்கு அடியில என்ன இருக்கு? ஆம்ப். அதை யார் மாட்டினது?

ஜென் அக்கா

ஒரு நிமிடம் அண்ணா. குடும்பத்தோடு போனால் பை வைக்க டிக்கியையும் திறப்பார்கள். தனியாகப் போகும்போது திறக்க மாட்டார். அவர் சொன்ன அத்தனை பயணத்துக்கும் என் கணக்கும் பொருந்துகிறது. இன்னொன்று, பின்னால் எடை ஏறினால் வண்டியும் இறங்கும், டிக்கி பக்கம் ஒயர் இழுபடும்.

சால்டர்புகை

அக்கா சொல்வது நியாயமான சந்தேகம். இரண்டும் ஒரே சாட்சிக்குப் பொருந்துகின்றன. ஆகவே சீட்டைக் கழற்றாமலே, டிரிம் (உள்பக்க மூடிகள்) எதையும் உடைக்காமலே, ஷார்ட் எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று அளந்துவிடலாம். பொறுமையாகப் படியுங்கள்.

ஃபியூஸ் இருக்கும் இடத்தில் ஃபியூஸுக்குப் பதிலாக ஒரு 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை இரண்டு ஒயரில் மாட்டுங்கள். பார்க் சர்க்யூட்டின் மற்ற பல்புகள் எல்லாம் வெளியே இருக்கட்டும். சுவிட்சைப் போடுங்கள். ஷார்ட் இல்லாதபோது பல்பு மங்கலாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. ஷார்ட் ஆனால் முழு வெளிச்சம். எவ்வளவு மோசமான ஷார்ட்டாக இருந்தாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது, ஆகவே எதுவும் எரியாது, ஃபியூஸும் செலவாகாது.

இப்போது தூரம். ஒயரிலும் தடை உண்டு. 0.85 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு 0.02 ஓம். அதில் 1.75 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு 35 மில்லிவோல்ட் விழும். சுவிட்சைத் தாண்டிப் பின்பக்கம் போகும் கனெக்டரில் ஒரு முனை, பக்கத்திலேயே சுரண்டிய பாடியில் ஒரு முனை வைத்து அளந்தால், ஷார்ட் வரைக்கும் எவ்வளவு ஒயர் இருக்கிறதோ அவ்வளவு வோல்ட் காட்டும்.

உங்கள் ஒயர் என்ன தடிமன் என்று தெரியாதே என்பீர்கள். தெரிய வேண்டாம். முதலில் வலது டெயில் லாம்ப் பிளக்கில் அந்த ஒயரை நீங்களே பாடியோடு தொட வைத்து அளவு எடுங்கள். அது மொத்த நீளத்துக்கான அளவு. பிறகு நிஜ ஷார்ட் வரும்போது அளவெடுங்கள். இரண்டையும் வகுத்தால் வழியில் எத்தனை பங்கு தூரம் என்று வந்துவிடும். தொடும் இடத்தில் கரி இருந்தால் அதன் தடையும் சேரும், ஆகவே வரும் விடையைவிட நிஜ இடம் கொஞ்சம் முன்னாலேயே இருக்கலாம், பின்னால் இருக்காது.

மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள்.

தார்ச்சாலை

காம்பஸ் முறையும் உண்டு. அதே பல்போடு இண்டிகேட்டர் ஃபிளாஷரையும் சேர்த்துவிட்டால் கரண்டு விட்டு விட்டு ஓடும், ஒயர் மேலே காம்பஸை நகர்த்திக்கொண்டு போனால் முள் துடிக்கும், ஷார்ட் தாண்டியதும் துடிப்பு நின்றுவிடும். ஒயர் தகட்டுக்கு உள்ளே போகும் இடத்தில் சரியாக வராது.

பொள்ளாச்சி800

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதுதான் வேலை. விவரமாக எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

21 வாட் பல்பை மாட்டினேன். சுவிட்ச் போட்டதும் இழை லேசாகச் சிவந்து தெரிந்தது, அவ்வளவுதான். முதலில் ஜென் அக்காவுக்காக டிக்கி கதவை இருபது முறை திறந்து மூடினேன். கீல் பக்கம் ரப்பரைப் பிடித்து முறுக்கினேன், ஸ்பாய்லரை ஆட்டினேன். பல்பு அசையவே இல்லை.

பிறகு பின் சீட்டில் பையனை ஏற்றிக் குதிக்கச் சொன்னேன். ஒன்றும் இல்லை, அவன் 22 கிலோ. மாமியாரைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. வீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் இரண்டு இருந்தது. ஒன்றை வலது பக்கம் வைத்தேன், பல்பு மினுக்கியது. இரண்டாவதை அதன் மேல் வைத்ததும் பல்பு பளீரென்று எரிந்தது, அப்படியே நின்றது. சத்தியமாக இரண்டு மாதத்தில் அன்றுதான் எனக்கு ஷார்ட்டைப் பார்த்து சந்தோஷம் வந்தது.

இனி அளவு. டெயில் பிளக்கில் நானே தொட வைத்தபோது 128 மில்லிவோல்ட். சிப்பம் இரண்டும் சீட்டில் இருக்கும்போது 71. வகுத்தால் 0.55. டாஷ்போர்டு கனெக்டரில் இருந்து ஒயர் போகும் வழியில், கதவுப்படி ஓரமாகவே நூல் பிடித்து அளந்தேன். வலது டெயில் லாம்ப் வரை 3.6 மீட்டர். ஆக ஷார்ட் சுமார் 2 மீட்டரில். நூலை 2 மீட்டரில் பிடித்தால் பின் சீட்டின் வலது முன் மூலைக்குக் கீழே நிற்கிறது.

சீட்டைக் கழற்றினேன். ஆம்பை ஒரு பிளைவுட் பலகையில் வைத்து, பலகையை நாலு மூலையிலும் ஸ்க்ரூ முடுக்கித் தரையில் பதித்திருந்தார்கள். தானாகத் துளைத்துக்கொண்டு போகும் ஸ்க்ரூ, ஒன்றரை இன்ச். பலகை, மேட், அதற்கடியில் ஃபோம், எல்லாம் தாண்டி வலது முன் ஸ்க்ரூ தரைத் தகட்டில் இறங்கியிருக்கிறது. இறங்கிய இடம் கம்பெனி வயரிங் கட்டை உரசிக்கொண்டு. மேட் போட்டவர் சீட்டைக் கழற்றியபோது கட்டு அதன் தடத்திலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும், திரும்ப உள்ளே தள்ளாமல் மேட்டை மூடிவிட்டார். அதன் மேல் ஆம்ப்காரர் கண்ணை மூடிக்கொண்டு முடுக்கிவிட்டார். ஆள் உட்கார்ந்தால் சீட் ஃபிரேம் பலகையை அமுக்குகிறது, பலகை அந்த வயரிங் கட்டை ஸ்க்ரூ மேல் தள்ளுகிறது. டேப்பைப் பிரித்தால் ஒரே ஒரு ஒயரில் கடுகளவு செம்பு தெரிகிறது, கருப்பாக.

ஜென் அக்கா, மன்னிக்கவும், எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜென் அக்கா

வாங்கிக்கொண்டேன். ஆனால் ஸ்பாய்லர் ஓட்டையில் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்தீர்களா இல்லையா?

பொள்ளாச்சி800

பார்த்தேன் அக்கா. இல்லை. ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன்.

டெஸ்ட்லாம்ப் அண்ணன்

நல்ல வேலை தம்பி. 0.55ன்னு வகுத்துப் பாத்து சீட்டைக் கழட்டினவனை நான் இப்பத்தான் பாக்குறேன். நானா இருந்தா நேரா சீட்டைத்தான் கழட்டியிருப்பேன். ஆனா டிரிம் முழுக்க ஒட்டி மூடின வண்டிக்கு இந்த மில்லிவோல்ட் கணக்கு உதவும், நாளைக்கே போட்டுப் பாக்குறேன்.

இப்போ முக்கியமானது. மேல டேப்பைச் சுத்திட்டு மூடிராதீங்க. கருகின இடத்தை வெட்டி எறிஞ்சு, சால்டர் வெச்சு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு பட்டா சுருங்கிப் புடிக்கிற குழாய்) போட்டு, கட்டைப் பழைய தடத்துலயே தள்ளி, நெளிநெளி ஸ்லீவுக்குள்ள விடுங்க. அதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டிருங்க. ஸ்க்ரூவை எடுக்குறதுக்கு முன்னாடி வண்டிக்குக் கீழ படுத்து, முனை எங்க வந்திருக்குன்னு பாருங்க. பின்பக்கம் பிரேக் பைப்பு, பெட்ரோல் லைன் எல்லாம் அடியிலதான் ஓடும்.

அப்புறம் அந்த ஆம்புக்கு பேட்டரியிலிருந்து தடியா ஒரு ஒயர் வருமே, அது எந்தப் பக்கமா வருது? அதுக்கு ஃபியூஸ் எங்க?

பொள்ளாச்சி800

அண்ணா, கீழே பார்த்தேன். ஸ்க்ரூ முனை பிரேக் பைப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி வந்திருக்கிறது. தப்பித்தோம்.

ஆனால் நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை தேடியபோதுதான் எனக்குக் கை நடுங்கியது. ஆம்ப் ஒயர் 8 கேஜ் (தடிமன் அளவு), சிவப்பு, அதே கதவுப்படி ஓரமாக, அதே கட்டோடு டை போட்டு வருகிறது. அதே ஸ்க்ரூ அதன் மேலுறையிலும் ஒரு பள்ளம் தோண்டியிருக்கிறது. செம்பு இன்னும் தெரியவில்லை. பேட்டரி வரைக்கும் பின்தொடர்ந்து போனேன். ஃபியூஸ் கிடையாது. ஆம்பின் உடம்பில் மட்டும் 30 ஆம்பியர் ஒன்று இருக்கிறது, அது ஒயரின் கடைசியில் இருந்து என்ன பயன்?

சால்டர்புகை

ஒரு பயனும் இல்லை. அந்த ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்றும், ஒயரை இல்லை. அந்த 8 கேஜ் ஒயர் ஸ்க்ரூவில் பட்டிருந்தால் பேட்டரியிலிருந்து நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். வெல்டிங் ராடு மாதிரி. அணைக்க சுவிட்சும் கிடையாது, சாவியை எடுத்தாலும் நிற்காது. அது நடக்கும் இடம் ஃபோம் சீட்டுக்கு அடியில்.

பார்க் லைட் ஒயர் மெல்லியது, அதன் தோல் முதலில் கிழிந்தது, எட்டு முறை கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறது.

டெஸ்ட்லாம்ப் அண்ணன்

பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் ஒயர், அதுக்குள்ள 40 ஆம்பியர் ஃபியூஸ் ஹோல்டர் வெச்சிருங்க. ஆம்ப்ல 30 இருக்கு, 8 கேஜ் ஒயர் 40 தாங்கும், போதும். ஃபயர்வால் (இன்ஜினுக்கும் நாம உக்கார்ற இடத்துக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஓட்டையில ரப்பர் இருக்கான்னு பாருங்க, அங்கயும் இருக்காது. பள்ளம் விழுந்த இடத்தை வெட்டி ஜாயிண்ட் போடாதீங்க, முழு ஒயரையும் மாத்திருங்க. தடி ஒயரை இடது பக்கமா கொண்டுபோங்க, கம்பெனி கட்டோட சேர்க்காதீங்க. பலகையை முக்கால் இன்ச் ஸ்க்ரூவுல சீட் பிராக்கெட் மேல புடிங்க, தரையில வேண்டாம்.

பொள்ளாச்சி800

மூன்று வாரம் ஆயிற்று. அண்ணன் சொன்ன எல்லாம் செய்தேன். ஃபயர்வாலில் ரப்பர் இல்லை, போட்டாச்சு. மாமனார், மாமியார், மச்சான், பையன், நடுவில் பலாப்பழம் ஒன்று, எல்லோரும் பின் சீட்டில் ஏறி மருதமலை போய் இரவில் திரும்பினோம். ஒன்பதாவது ஃபியூஸ் இன்னும் பாக்கெட்டில்தான் இருக்கிறது.

மாமியாரிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. சீட் கொஞ்சம் உயரமாகிவிட்டதே என்று மட்டும் கேட்டார்.

மின்னல்வேகன்

அண்ணா, இதையெல்லாம் படிச்சிட்டு நேத்து ராத்திரி என் வண்டியில 30ஐக் கழட்டிட்டு 10 போட்டேன். சுவிட்ச் போட்ட அடுத்த செகண்டே போயிருச்சு. தனியா கேள்வி போடவா, இங்கயே கேக்கவா?

டெஸ்ட்லாம்ப் அண்ணன்

இங்கயே கேளுங்க தம்பி. சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு வாங்க. 21 வாட் பல்பு இருக்கா?